சாயத்தண்ணீர் வந்த வழி

சண்முகவடிவு அந்தக் கழிவுநீர் நிலையத்தில் சோதனைச்சாலை உதவியாளராகச் சேர்ந்தது 1969-ல். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அதற்குப் பிறகு மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மூன்று தடவையும் பேச்சு நன்றாகத்தான் போனது. பெண் எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டு, பதில் வந்ததும் காபி டம்ளர் பாதியில் கீழே இறங்கிவிடும். மூன்றாவது இடமும் தட்டிப் போனதும் அண்ணன் சுயம்புலிங்கம் தேடுவதை விட்டுவிட்டான். அவளுக்கு அது ஒரு வகையில் நிம்மதி. ஆனாலும் அவன் அவ்வளவு சீக்கிரம் விட்டது வலித்தது.

நிலையம் ராஜா அண்ணாமலைபுரத்துக் கோடியில், அடையாற்றங்கரையில் இருந்தது. மயிலாப்பூர், தேனாம்பேட்டை வீடுகளின் சாக்கடை அங்கே வந்து சேரும். பெரிய தொட்டியில் சில மணி நேரம் தங்க வைத்து, கசடு அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை ஆற்றில் திறந்துவிடுவார்கள். சுத்திகரிப்பு என்று பெயர், அவ்வளவுதான். குழாய் ஆற்றில் விழும் இடத்துக்கு மேலே ஒரு புட்டி, கீழே ஒரு புட்டி என்று தினமும் தண்ணீர் பிடித்துவந்து சோதிப்பது வடிவின் வேலை. மருந்து இரண்டு சொட்டு விட்டால், காற்று கரைந்திருக்கும் தண்ணீர் பழுப்பாகும். கீழ்ப் புட்டி ஐந்து வருஷமாக ஒரு நாள்கூடப் பழுப்பாகவில்லை. அவள் நோட்டில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

வடிவின் குடும்பத்தார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். அப்பா உஸ்மான் ரோட்டில் துணிக்கடை வைத்தார். தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சாயப்பட்டறை போட்டார். மகளைக் கெமிஸ்ட்ரி படிக்க வைத்ததே துணியில் சாயம் நிற்கவேண்டும் என்றுதான். அவர் போனதும் பட்டறை அண்ணன் கைக்குப் போனது. "பொம்பள வந்து நின்னா வேலைக்காரன் எவன் மதிப்பான்?" என்று அவன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அதனால்தான் இந்த வேலை. வேலையில் சேர்ந்த பிறகு அண்ணி அவள் துணிகளைத் தனி வாளியில் போட்டாள். வடிவு மயிலாப்பூரில் அபயாம்பாள் என்ற விதவையின் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அங்கேயும் சட்டம் இருந்தது. "உள்ளே வரதுக்கு முன்னாடி கொல்லைக் குழாயில குளிச்சுட்டு வந்துடும்மா" என்று அபயாம்பாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தியாகராய நகர் போய் அம்மா இசக்கியம்மாள் கையால் சாப்பிட்டுவிட்டு வருவாள். வாரத்தில் அவள் வாய்விட்டுப் பேசுவது அந்த ஒரு நாள்தான்.

1973-ல் ராஜகோபாலன் என்ற எஞ்சினியர் மாற்றலாகி வந்தார். மயிலாப்பூர்க்காரர், ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர். எங்கெங்கோ எழுதி, யார் யாரையோ பார்த்து, காற்றுத் தொட்டி ஒன்று கட்ட உத்தரவு வாங்கிவிட்டார். தண்ணீர் மட்டத்தில் ராட்சச விசிறிகள் சுழன்று காற்றைக் கலக்கும். அந்தக் காற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கைத் தின்றுவிடும். அந்த உயிர்களை வளர்ப்பதும் காப்பதும் வடிவின் பொறுப்பு என்றார்.

1974 மாசியில் தொட்டியை ஓட்டினார்கள். நான்கு வாரத்தில் சாம்பல் தண்ணீர் காபி டிகாக்ஷன் போலப் பழுப்பானது. நாற்றம் போய், மழை விழுந்த மண்ணின் வாசனை வந்தது. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், காம்பின் நுனியில் மணி கட்டியது போலச் சிறு பிராணிகள் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். வடிவு காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் டிபன் டப்பாவைத் திறப்பாள்.

ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, மணிகள் எதுவும் அசையவில்லை. தொட்டி மேலே வெள்ளை நுரை. மத்தியானத்துக்குள் அழுகிய முட்டை நாற்றம் ராஜா அண்ணாமலைபுரம் தாண்டி மந்தைவெளி வரை போய்விட்டது. மறுபடி வளர்த்தார்கள். மறுபடி செத்தது. மூன்றாவது தடவை ராஜகோபாலன் சோதனைச்சாலைக்கே வந்துவிட்டார்.

"மிஷின்ல ஒண்ணும் கோளாறில்லேங்கறா. நீங்க டெஸ்ட் சரியாத்தான் பண்றேளா? ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சிண்டிருக்கு."

"டெஸ்ட் சரிதான் சார். எதுவோ உள்ளே வருது. கண்டுபிடிக்கறேன்" என்றாள் வடிவு.

மூன்று தடவையும் வியாழன்தான் என்பதை அவள் கவனித்திருந்தாள். அப்படியென்றால் விஷம் வருவது முந்தின நாள். அடுத்த புதன்கிழமை சாக்கடை வந்து விழும் வாய்க்காலில் கால்மணிக்கு ஒரு தடவை சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்தாள். மூன்று மணி வரை சிவப்பு. மூன்றேகாலுக்குத் தாள் பளிச்சென்று நீலமானது. காரம். யாரோ காஸ்டிக் சோடாத் தண்ணீரை மொத்தமாகச் சாக்கடையில் கவிழ்க்கிறார்கள்.

நிலையத்தில் தனபாலன் என்ற தொழிலாளி இருந்தான். எந்தத் தெருவில் எந்தச் சாக்கடை மூடி என்று அவனுக்கு மனப்பாடம். அவனைக் கூட்டிக்கொண்டு புதன்தோறும் தெருவில் இறங்கினாள். அவன் கொக்கியால் மூடியைத் தூக்கி, கயிற்றில் தகர டப்பாவை இறக்கி மொண்டு தருவான். அவள் தாளை நனைப்பாள். நீலம் என்றால் இன்னும் மேலே போகவேண்டும். முதல் புதன் மந்தைவெளிப் பக்கம். இரண்டாவது புதன் ஆழ்வார்ப்பேட்டை. மூன்றாவது புதன் தேனாம்பேட்டைக்குள் நுழைந்தார்கள். அடுத்த மூடியில் சிவப்பாகவே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இல்லை. நீலம். அதற்கடுத்த மூடி அவளுக்குத் தெரிந்த சந்தின் முனையில் இருந்தது. அதிலும் நீலம்.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி ஆய்டுச்சு? தெரிஞ்ச எடமா?" என்றான் தனபாலன்.

"எங்க பட்டறை."

அவன் மூடியைக் காலால் தள்ளி மூடினான். "நா ஒண்ணும் பாக்கலம்மா. நீ இன்னா எழுதிக்கிறியோ அதான். நா டீக்கடையாண்ட நிக்கிறேன்" என்று போய்விட்டான்.

பட்டறைக்குள் அவள் காலெடுத்து வைத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. காடாத் துணியை வேகவைக்கும் தொட்டி அப்போதுதான் காலியாகி, தரையில் ஈரம் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு மேலே சுவரில் எண்ணெய்ப் பெயிண்டில் எழுதியிருந்தது: இத்தனை கட்டுத் துணிக்கு இத்தனை காஸ்டிக், வெந்ததும் தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டுத் தொட்டியைக் கழுவவும். அவள் கையெழுத்து. இருபது வயதில் அப்பா சொல்ல, ஸ்டூல் போட்டு ஏறி நின்று எழுதியது. தண்ணீர் எங்கே போகும் என்று அன்றைக்கு அவர்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"ஏ வடிவு, இங்க என்ன?" என்று சுயம்புலிங்கம் உள்ளிருந்து வந்தான்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். "காரத்த இப்படி மொத்தமா விடாத அண்ணே. ஒரு தொட்டி கட்டு. ஆசிட் விட்டு முறிச்சு, கொஞ்சம் கொஞ்சமா விடணும். அளவு நான் எழுதித் தாரேன்."

"அப்பா காலத்துல இருந்து விடுதோம். சாக்கடைக்குச் சாயத்தண்ணி ஆகாதாக்கும்?"

"அங்க கிடக்கது உயிரு அண்ணே. எல்லாம் செத்துப் போவுது."

அவன் சிரித்தான். "பூச்சிக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கியா?" பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "சரி, பாக்கேன் போ" என்றான்.

தொட்டி கட்டவில்லை. ஆனாலும் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தண்ணீரை இரண்டு மூன்று நாளாகப் பிரித்துத் திறந்துவிட்டான். காற்றுத் தொட்டி மறுபடி பழுப்பானது. ஆடி, ஆவணி கழிந்தும் உயிரோடு இருந்தது. வடிவு ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. தீபாவளிச் சரக்கு நெருக்க, பட்டறையில் பழையபடி மொத்தமாகத் திறந்துவிட்டார்கள். ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தபோது எதுவும் அசையவில்லை.

ராஜகோபாலன் இந்தத் தடவை சத்தம் போடவில்லை. ஒரு படிவத்தை அவள் முன்னால் வைத்தார். "எங்கேருந்து வரதுன்னு தெரிஞ்சா எழுதுங்கோ. தெரியலைன்னா அப்படியே எழுதிடுங்கோ. ஆனா அப்படி எழுதினா இந்தத் தொட்டியை மூடிடணும்னு மேலேருந்து சொல்லியாச்சு. பழையபடி ஆத்துல விட்டுட வேண்டியதுதான்."

அவர் போன பிறகு வடிவு படிவத்தை வெகுநேரம் வைத்துக்கொண்டு இருந்தாள். தெரியவில்லை என்று எழுத ஒரு வரி போதும். தனபாலன் வாய் திறக்கமாட்டான். ஐந்து வருஷமாகப் பூஜ்யம் எழுதிய நோட்டு அலமாரியில் இருந்தது. இனி ரிட்டயர் ஆகும் வரை அதையேதான் எழுதவேண்டும். அவள் சந்தின் பெயரை எழுதினாள். பட்டறையின் பெயரை எழுதினாள். உரிமையாளர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதினாள். கீழே, காஸ்டிக் அளவையும் வெளியேற்றும் முறையையும் எழுதிக்கொடுத்தது நான்தான் என்று ஒரு வரி சேர்த்தாள்.

ராஜகோபாலன் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். கடைசி வரியைப் பேனாவால் அடித்தார். "இது வேண்டாம்" என்றார், மெதுவாக.

பட்டறையின் சாக்கடை இணைப்பைப் பன்னிரண்டு நாள் அடைத்து வைத்தார்கள். தீபாவளிக்கு முந்திய பன்னிரண்டு நாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வடிவு வழக்கம்போலப் போனாள். சுயம்புலிங்கம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"கூடப் பொறந்தவன் பேரை உன் கையால எழுதியிருக்க. எழுதுதப்ப கை கூசலையா? இனிமே இந்தப் படி ஏறாத."

உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றது. அம்மா வரவில்லை. வடிவு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்தாள். பசி எடுத்தது, ஆனால் வழியில் எங்கும் நிற்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அண்ணன் வேறொரு கெமிஸ்ட்டை வைத்துப் பட்டறையில் தொட்டி கட்டினான் என்று கேள்விப்பட்டாள். காற்றுத் தொட்டி பிறகு அப்படிச் சாகவில்லை. 1976 கோடையில் ஒரு நாள் கீழ்ப் புட்டியில் மருந்து விட்டபோது தண்ணீர் இளம்பழுப்பானது. அவளால் நம்ப முடியவில்லை. இன்னொரு புட்டி பிடித்துவந்து பார்த்தாள். அதுவும் பழுப்பு. யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. தனபாலன் வடக்கே மாற்றலாகிப் போயிருந்தான். ராஜகோபாலன் பதவி உயர்வில் போய்விட்டார். புதிய எஞ்சினியர் டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு "வெரி குட்" என்றார். ஆறு முழுக்கவா நல்லதாகிவிட்டது? அதுவும் இல்லை. அரை மைல் தள்ளி வேறு சாக்கடைகள் விழுந்துகொண்டுதான் இருந்தன.

அம்மா மட்டும் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மயிலாப்பூர் வருவாள். திரும்பும்போது லஸ் பஸ் ஸ்டாப்பில் வடிவு காத்திருப்பாள். பஸ் வரும்வரை பேச்சு. பத்து நிமிஷம், சில நாள் அதுவும் இல்லை.

"அண்ணன் என்னைக் கேட்டானாம்மா?"

"கேக்கல." அம்மா முந்தானையில் முடிந்திருந்த விபூதியை எடுத்து அவள் நெற்றியில் வைத்தாள். "நீ எழுதாம இருந்திருக்கலாம்லா, வடிவு?"

"எழுதாம இருந்தா தொட்டிய மூடியிருப்பாவ."

"மூடட்டுமே. உனக்கென்ன?"

வடிவு பதில் சொல்ல வாயெடுத்தாள். பஸ் வந்துவிட்டது. கூட்டத்தில் அம்மாவை ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று கீழே நின்று தேடினாள். கிடைத்திருந்தது. ஆனால் அம்மா கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும் அவசரத்தில் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பஸ் கிளம்பியது. வடிவு கச்சேரி ரோடு வழியாகத் தன் அறைக்கு நடந்தாள்.