அம்மா போட்டுக்கொண்ட புது இலை

அப்பா சாப்பிட்டு எழுந்த இலையிலேயே அம்மா உட்கார்ந்து சாப்பிடுவாள். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். எனக்கு அப்பாவைப் போலவே தினம் புது இலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. எழுந்திருக்குமுன் அப்பா, அம்மாவுக்காக ஒரு பிடிக் கறியை இலையோரம் ஒதுக்கிவைப்பார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு நான் அதிகம் கேட்டதில்லை. பேச வேண்டியதெல்லாம் அந்த ஒரு பிடிக் கறியோடு முடிந்துவிட்டதோ என்னவோ.

அம்மாவின் அப்பாவுக்கு உடம்பு மோசம் என்று கும்பகோணத்திலிருந்து தந்தி வந்தது. அம்மா அப்போதே கிளம்பத் தயாராக நின்றாள். அப்பாவுக்கு ஆபீசில் ஆடிட் நேரம். "ஞாயித்துக்கிழமை நானே அழைச்சுண்டு போறேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது" என்றார். ஆகிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தகனமே முடிந்திருந்தது. அம்மாவுக்குத் தன் அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதைப் பற்றி அப்பாவை ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம்.

காரியமெல்லாம் முடிந்து ஊர் திரும்பிய மறுநாள் வாழைக்காய்க் கறி. அம்மாவுக்கு அது உயிர். அப்பா வழக்கத்தைவிட அதிகமாகவே ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தார். அம்மா அந்த இலையை மடித்துக் கொல்லையில் எறிந்துவிட்டு வந்தாள். அப்பா சாப்பிட்ட இடத்தை எச்சில் இட்டுத் துடைத்தாள். தனக்கென்று ஒரு புது இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கையலம்பி வந்த அப்பா அதைப் பார்த்தபடி நின்றார்.

"இனிமே அம்மாவுக்கும் என்னை மாதிரி புது இலைப்பா" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"நன்னா சாப்பிடட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

ஆனாலும் அப்பா தினமும் கறியை ஒதுக்குவதை விடவில்லை. அம்மாவும் மடித்து எறிவதை விடவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"தினம் வீணாப் போறதே, அப்பாவுக்குக் குறைச்சுப் போடேம்மா" என்றேன்.

மறுநாள் அப்பா இலையில் அம்மா அவர் சாப்பிடுகிற அளவுக்கு மட்டும் கறி போட்டாள். அப்பா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்கவில்லை. ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்றுவிட்டு எழுந்தார். நான் சொன்னதைப் பெரியவர்கள் இரண்டு பேருமே கேட்டுவிட்டார்கள் என்று அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.