ஒரே காஜல் பென்சில்

விவேக் நகரில் டோரீன் நடத்திய பியூட்டி பார்லரில் ஷோபா பல வருடமாக வேலை பார்த்தாள். தொம்மலூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். கைவேலை சுத்தமாக இருக்கும். கோபம் வந்தால் மட்டும் ஆள் பார்க்க மாட்டாள்.

தொண்ணூற்றாறு மழைக்காலத்தில் ஊரெங்கும் மெட்ராஸ் ஐ பரவியிருந்தது. தீபிகா என்ற பெண், கல்யாண மேக்கப்பை ஒரு வாரம் முன்னதாகப் போட்டுப் பார்க்க வந்தாள். கூட வந்த அக்கா ஷில்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியதும் ஷோபா கவனித்தாள். இடது கண் சிவந்து, இமை வீங்கி, ஓரத்தில் பூளை கட்டியிருந்தது.

"காலைல கண்ணு ஒட்டிக்கிச்சா? மண்ணு விழுந்தாப்ல உறுத்துதா?"

"ஆமா. ராத்திரி தூக்கமில்ல, அதான்."

"தூக்கமில்லன்னா பூளை தள்ளாதும்மா. இது மெட்ராஸ் ஐ. டாக்டர்கிட்ட காட்டுங்க. இன்னைக்கு உங்க கண்ணுக்கு எதுவும் போட மாட்டேன்."

சோப்புப் போட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது, ஷில்பாவுக்கு மை தீட்டி முடித்திருந்த டோரீன், அதே பென்சிலால் தீபிகாவுக்கும் தீட்டிக்கொண்டிருந்தாள். ஷோபா அதைப் பிடுங்கிக் குப்பையில் வீசினாள்.

"என்ன மேடம் பண்றீங்க? கல்யாணப் பொண்ணு கண்ணு!"

"கஸ்டமர் முன்னாடி கத்தாத. அந்தக் கண்ண நேரா பாக்காம இருந்தா ஒட்டாது."

"பாத்தா ஒட்டாது மேடம். பென்சில்ல ஒட்டும், துண்டுல ஒட்டும், தொட்ட கையில ஒட்டும்!"

"போதும். வீட்டுக்குப் போ நீ. நாளைலேருந்து வராத."

கல்யாணத்தன்று தீபிகா இரண்டு கண்ணும் சிவந்து, நீர் வழிய மணவறையில் உட்கார்ந்தாள். மறுநாளே அவள் அம்மா அம்புஜம், ஷில்பாவையும் இழுத்துக்கொண்டு ஷோபாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உன் சீக்க என் பொண்ணுக்கு ஒட்டவச்சிட்டியே! டோரீன் எல்லாம் சொன்னாங்க."

தெருவே எட்டிப் பார்த்தது. ஷோபா வாசலுக்கு இறங்கி வந்தாள்.

"எனக்கா சீக்கு? என் கண்ண நல்லா பாருங்க. ஷில்பா, வாயத் தொறந்து சொல்லும்மா! அன்னிக்கு யாருக்கு இருந்துச்சு?"

ஷில்பா அழுதுவிட்டாள். "எனக்குத்தாம்மா. இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க. அந்த மேடம்தான் போட்டுவிட்டாங்க."

அம்புஜம் குரல் இறங்கி மன்னிப்புக் கேட்டார். ஷோபாவின் கோபம் இறங்கவில்லை.

"மன்னிப்பு இருக்கட்டும். தீபிகாவோட துண்டு, தலகாணி, சொட்டு மருந்து எல்லாம் தனியா வைங்க. கண்ணத் தொட்டா உடனே கை கழுவச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்கும் வந்து தொலையப் போகுது."

விஷயம் பரவியதும் டோரீன் ஆள் அனுப்பி வேலைக்குக் கூப்பிட்டாள்.

"யார் பண்ணதுன்னு கஸ்டமர் முன்னாடி சொல்லச் சொல்லுங்க, வரேன்" என்றாள் ஷோபா.

டோரீன் சொல்லவில்லை. ஷோபாவும் போகவில்லை. ஒக்கலிபுரத்தில் வேறொரு பார்லரில் சேர்ந்தாள். எல்லோருக்கும் ஒரே துண்டு தொங்குவதைப் பார்த்து, முதல் நாளே அங்கேயும் சத்தம் போட்டாள்.