எட்டு போதும் என்று நான்தான் சொன்னேன்

என் பழைய மடிக்கணினியின் திரை சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும். ஒரு பக்கத்துக் கீல் உடைந்து போயிருந்தது. எலப்புள்ளியில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் கல்யாணப் படங்களை அனுப்புவார். பெண் அழைப்புக்கு ஒரு மெட்டு, தாலி கட்டுக்கு வயலின், பந்திக்குக் கொஞ்சம் துள்ளல் என்று நான் இசை சேர்த்துக் கொடுப்பேன். அதே கணினியில்தான் கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியில் எங்கள் தெரு முழுவதற்கும் விண்ணப்பங்கள் போட்டேன். படிவமெல்லாம் மலையாளத்தில் இருக்கும். எங்கள் தெருவில் பலருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. இதை எங்கேயும் நான் தலை குனிந்து சொன்னதில்லை. ரேஷன் கார்டோ வில்லேஜ் ஆபீஸ் கடிதமோ, எது வந்தாலும் அப்பா என்னிடம் நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியாது என்று அவரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தெரியாததை இரவோடு இரவாகப் படித்துத் தெரிந்துகொண்டு காலையில் சொல்லிவிடுவேன்.

போன வருடம் கொச்சியிலிருந்து அழைப்பு வந்தது. சினிமாவுக்குப் பின்னணி இசை செய்யும் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், நான் கல்யாணப் படங்களுக்குப் போட்ட இசையைக் கேட்டிருக்கிறார்கள். உதவியாளர் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து நேரில் வர வேண்டும். ஒரு காட்சியைக் கொடுப்பார்கள், அவர்கள் முன்னால் உட்கார்ந்து என் சொந்தக் கணினியில் இசை போட்டுக் காட்ட வேண்டும். கல்யாண வீடியோவைத் தாண்டி இசையால் பிழைக்க எனக்குத் திறந்த ஒரே வாசல் அதுதான்.

உடனே புதிய மடிக்கணினி தேடத் தொடங்கினேன். எங்கள் ஊரில் ஆடி மாதக் காற்று தூசியை வாரிக்கொண்டு வீட்டுக்குள் வரும். மின்சாரம் ஏறி இறங்கும். பென்ஷன் பார்க்க வருகிற பெரியவர்கள் ஈரக் கையோடு திரையைத் தொடுவார்கள். எனவே எனக்கு முதலில் வேண்டியது உறுதி. கீல் உடையக் கூடாது, விசைகளுக்குள் தூசி போகக் கூடாது. ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி வைத்துக்கொண்டு அப்பாவோடு கொழிஞ்சாம்பாறைக்குப் போனேன்.

கடைக்காரரை ஊரில் எல்லோரும் ராவுத்தர் என்றே அழைப்பார்கள். முன்பு தையல் மெஷினும் மிக்சியும் விற்றவர், இப்போது கணினியும் விற்கிறார். கறுப்பாக, செங்கல் கனத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தேங்காயைத் தட்டுவது போல விரல் மடக்கித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"ஏனுங் ராவுத்தரே, தட்டுனா நல்லாத்தான் கேக்குது. உள்ள தண்ணி இருக்குதுங்களா?"

"இருக்கு. ஒடச்சு ஒரு தம்ளர் ஊத்தித் தரட்டா?" என்று ராவுத்தர் சிரித்தார்.

எனக்கு அந்தக் கறுப்புப் பெட்டி பிடிக்கவில்லை. நான் எழுதி வைத்திருந்தது வேறு ஒன்று. உலோக உடம்பு, மெலிசு, கீல் ஒற்றை விரலில் திறக்கும். கொச்சியில் அதை மேசை மேல் வைப்பதை நான் பலமுறை மனதுக்குள் பார்த்திருந்தேன். ராவுத்தரிடம் அதையே எடுக்கச் சொன்னேன்.

"ஏம்மா, பாட்டு வேலைன்னா மெமரி கூடுதல் வேணுமே. இதுல எட்டு ஜிபிதான்..." என்று அவர் தொடங்கினார்.

"எட்டு இப்பப் போதுங்க. பின்னால சேத்திக்குவேன்."

"அந்த மாடல்ல..."

"எல்லாம் படிச்சுப் பாத்துட்டுத்தாங்க வந்திருக்கறேன்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "புள்ள படிச்ச புள்ளைங்க ராவுத்தரே. அது சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." ராவுத்தர் பில் புத்தகத்தை எடுத்தார்.

பஸ்ஸில் அப்பா கேட்டார்: "சேத்திக்கறதுன்னா எப்படி அம்முணி? போருக்குப் பைப்பு சேத்தறாப்பலயா?"

"அதே மாதிரிதாங்ப்பா."

அப்படித்தான் நான் உண்மையாகவே நம்பினேன். எங்கள் பக்கத்தில் எதையும் முழுதாக வாங்குவதில்லை. ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக ஒரு பைப் சேர்த்து மோட்டாரை இறக்குவோம். வீடு கட்டினால் மாடிக்கென்று கம்பியை நீட்டி விட்டுத்தான் கட்டுவோம். எனவே மெமரியும் பிறகு சேர்க்கக் கூடியது என்று எடுத்துக்கொண்டேன். என் பழைய கணினியிலும் அப்படிச் சேர்த்திருந்தேன். நோட்டில் கீல் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்த நான், இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சந்தேகமே வராத இடத்தில் எதைத் தேடுவது?

கொச்சிக்குப் போக இரண்டு வாரம் இருக்கும்போது, சினிமாவுக்கு வேண்டிய பெரிய வயலின் தொகுப்பை ஏற்றினேன். ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியும் மெமரியில்தான் வந்து உட்காரும். மூன்றுவரை தாங்கியது. நான்காவது ஏறியதும் ஒலி கரகரத்தது, பிறகு திரை அப்படியே நின்றுவிட்டது. சரி, சேர்க்கும் நேரம் வந்துவிட்டது என்று தனியாகக் கடைக்குப் போனேன்.

ராவுத்தர் அடித்தகட்டைக் கழற்றி என் பக்கம் திருப்பினார். "இடமே இல்லம்மா. மெமரி போர்டோட ஒட்டித்தான் வருது இதுல. யாராலும் ஒண்ணும் செய்ய முடியாது."

அன்றே சொல்ல வந்தேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது முடிந்திருக்கும். விற்ற பொருளைத் திருப்பி எடுக்க வழியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தக் கறுப்புப் பெட்டியைக் காட்டினார். "பார்க்கறவங்களுக்குக் காட்ட வெச்சிருக்கறதுதான், இதுல மெமரி பதினாறு இருக்கு. கொண்டு போ. கொச்சி போயிட்டு வந்து குடு. உங்கப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

வேண்டாங்க என்றேன். அதை வீட்டுக்கு எடுத்துப் போனால், புதுசு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று அப்பா கேட்பார். நான் தவறாக வாங்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒரு வாக்கியத்துக்காக வேண்டாம் என்றேன். "சமாளிச்சுக்குவேனுங்க" என்று வேறு சொன்னேன்.

கொச்சியில் கொடுத்த காட்சியில் ஒரு பெண் மழையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பாள். பஸ் வந்தும் ஏறமாட்டாள். முதல் முக்கால் மணி நேரத்தில் நான் போட்டதைக் கூடத்தின் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரும்பவும் போடச் சொன்னார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பிறகு, அடியில் ஒரு செல்லோவின் கனத்த நாதம் வேண்டும், இப்போதே கேட்டுப் பார்க்கலாம் என்றார். மற்ற வாத்தியங்களை ஒரே ஒலித்தடமாக உருக்கி, மெமரியில் இடம் செய்து செல்லோவை ஏற்றினேன். உடனே நடுவில் ஒரு வயலினை மாற்றச் சொன்னார். உருக்கியதைப் பிரித்ததும் திரை நின்றது. அணைத்துப் போட்டேன். மறுபடி நின்றது. மூன்றாம் முறை அது எழுந்து வரப் பத்து நிமிடம் ஆனது.

"சாரமில்லா" என்றார் கூடத்தின் தலைவர். பரவாயில்லை என்று அர்த்தம். உன் காது நல்ல காது, ஆனால் இங்கே டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து நிமிடத்துக்கு நிமிடம் மாற்றச் சொல்வார், கணினிக்காக அவரைக் காக்க வைக்க முடியாது என்று மலையாளத்தில் மெதுவாக விளக்கினார். வேறு கணினி வாங்கியதும் கூப்பிடு என்றார். நான் வேறொன்று வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்துச் சும்மா கூப்பிட்டபோது, அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

கொச்சியிலிருந்து திரும்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் அப்பா காத்திருந்தார். "என்னாச்சு அம்முணி?"

"ஆகலீங்ப்பா."

"ஏனு?"

நான் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வண்டியைக் கிளப்பியவர் பாதி வழியில் தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார். "தமிழ்ப் புள்ளைன்னு தள்ளிட்டானுக. எனக்குத் தெரியும்." இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வீடு வரும்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே டீக்கடையில் அது கதையாகிவிட்டது. என்னிடம் கண்ணியமாக நடந்துகொண்ட மனிதர் எங்கள் ஊரில் தமிழர்களை விரட்டுகிறவர் ஆனார். ஒவ்வொரு நாளும் அதைத் திருத்துவது இன்னும் கடினமாகியது.

கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலிலிருந்து ஒருமுறை விழுந்தும் ஒரு கீறல்தான். பென்ஷனுக்கும் வரிக்கும் அது தாராளமாகப் போதும்.

போன மாதம் மேற்கு வீதியிலிருந்து ஒரு அண்ணன் தன் மகளோடு வந்தார். அவளுக்குப் பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண். கொச்சியில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும். எல்லாவற்றையும் நிரப்பி, அனுப்பும் இடத்துக்கு வந்தபோது அப்பா வெளியிலிருந்து வந்து உட்கார்ந்தார்.

"கொச்சிக்கா? நம்ம புள்ளைகள அங்க மதிக்க மாட்டானுகப்பா. எம் புள்ளையவே திருப்பி அனுப்பிச்சுட்டானுக. அதைக் காட்டியும் படிச்சது யாரு இருக்குது இங்க?"

அந்த அண்ணன் என்னைப் பார்த்தார். "நெசந்தானா கண்ணு?"

அவர் மகளும் என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது நான்கு வார்த்தை: நான்தான் தவறான கணினியை வாங்கினேன். அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு வருகிற அந்த முகத்தோடு.

"அவங்கவங்க அதிர்ஷ்டமுங்கண்ணா" என்றேன்.

அந்த அண்ணன் தலையாட்டினார். "அப்ப வேண்டாங் கண்ணு. பாலக்காட்டுலயே ஒண்ணப் பாத்துப் போட்டுடு." மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவர் கையமர்த்தினார்.

நிரப்பியதை மூடிவிட்டுப் பாலக்காட்டுப் படிவத்தைத் திறந்தேன். அது உடனே வந்தது. அந்தப் பெண்ணின் பெயரை அதில் நான்தான் அடித்தேன்.