தனியாக மேலே வந்த செருப்பு

கண்ணாடிக் கடையில் அவரை எல்லோரும் 'ஃபிரேம் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர் உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள், அந்த முகத்துக்கு எந்த ஃபிரேம் எடுப்பாக இருக்கும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிடுவார். பேச்சும் பஞ்சில் சுற்றிக் கொடுத்தது மாதிரி இருக்கும். "இது உங்களுக்குக் கொஞ்சம் வயசைக் கூட்டுது மேடம், இதைப் போட்டுப் பாருங்களேன்" என்பார். போட்டுப் பார்த்தவர்கள் வாங்காமல் போவது அபூர்வம்.

அந்தப் பேச்சு அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. அவருடைய அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அழுக்குச் சட்டையோடு அவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் மகன் பின்பக்கச் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வான். பிற்பாடு கடையைப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, லென்ஸ் துடைக்கப் பழகி, கவுண்டருக்கு முன்னேறியபோது, சட்டைக் காலரும் குரலும் கசங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் அவர் ஒரு நாளும் மறக்கவில்லை.

அவருடைய மனைவிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ஆள் உயர மெஷின்கள் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால்கூடக் கத்தத்தான் வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே கத்திக் கத்தி, வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டாலும் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்கிற குரலாகிவிட்டது. சிரித்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கம் கலைந்து அழும். அவர்களுடைய ஒரே மகள் வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். "அம்மா போன் பண்ணா ஸ்பீக்கரே போட வேண்டாம்பா, ரூம் முழுக்கக் கேக்கும்" என்று கேலி செய்வாள்.

அந்த வருஷம் ஃபிரேம் கம்பெனிக்காரர்கள் ஒரு பரிசு அறிவித்தார்கள். அதிகம் விற்ற கடையின் முதலாளிக்கும், அங்கே அதிகம் விற்றவருக்கும், மனைவியரோடு வெளிநாட்டுச் சுற்றுலா. பனிமலை, ஏரியில் படகு, பழைய கோட்டை என்று ஒரு வாரப் பயணம். பரிசு இவர்கள் கடைக்கு விழுந்தது.

செய்தியைக் கேட்டதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நிஜமாவா? நானுமா?"

"ஜோடியாத்தான்னு போட்டிருக்கு."

"ஐயோ, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலங்க!" என்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து என்ன விசேஷம் என்று கேட்டாள். ஜன்னல் வழியாகவே விஷயம் தெருவுக்குப் போய்விட்டது.

அன்று முதல் சாயங்காலமானால் இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எந்த நாள் மலை, எந்த நாள் கோட்டை, எவ்வளவு குளிரும், ஸ்வெட்டருக்குள் இன்னொரு ஸ்வெட்டர் போடலாமா என்றெல்லாம் பேசினார்கள். எல்லாப் படங்களையும் ஆசையோடு பார்த்த அவள், தங்கப்போகிற ஓட்டல் அறையின் படம் வந்ததும் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"விரிப்புல ஒரு சுருக்கம் இல்ல பாருங்க. எப்படிங்க இஸ்திரி போடுறாங்க? அங்க சலவை பண்ற இடத்தைக் காட்டச் சொன்னா காட்டுவாங்களா?"

"அந்த மாதிரியெல்லாம் அங்க கேட்டு வைக்காதே" என்றார் அவர்.

அவருக்கு உள்ளுக்குள் கலக்கம் அப்போதே ஆரம்பித்துவிட்டது. முதலாளியின் மனைவி நுனிநாக்கில் இங்கிலீஷ் பேசுகிறவள். சிரித்தால் உதடு மட்டும்தான் அசையும். அவளுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் இவள். நினைக்கும்போதே அவருக்கு வியர்த்தது. அதனால் திட்டத்தோடு திட்டமாகப் பாடமும் ஆரம்பமாயிற்று. மெதுவாகப் பேச வேண்டும். தெரியாதவர்களிடம் சம்பளம், வயது கேட்கக் கூடாது. பல் தெரியாமல் சிரிக்க வேண்டும். முள்கரண்டியும் கத்தியும் வாங்கி வந்து ஆம்லெட்டை வெட்டச் சொன்னார். கத்தி வழுக்கி ஆம்லெட் பாதி தட்டைவிட்டு ஓடியது. "சாரி" என்றாள் அவள், ஆம்லெட்டைப் பார்த்து. "சொல்லித் தந்த மாதிரியே சொல்லிட்டேன் பாத்தீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அவளோ கணவன் இத்தனை அக்கறையாக உட்கார்ந்து சொல்லித்தருகிறாரே என்று பூரித்துப்போயிருந்தாள். வேலையிடத்தில் எல்லோரிடமும் சொன்னாள். பல் தெரியாமல் சிரிக்கும் பாடத்தை அவர்களுக்கும் நடத்திக் காட்டினாள்.

பெட்டி வாங்குவதற்காக ஒரு விடுமுறை நாளில் பெரிய மாலுக்குப் போனார்கள். பயணப் பெட்டிகள் விற்கும் கடை மாடியில் இருந்தது. எஸ்கலேட்டரைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"லிஃப்ட்ல போயிடலாமேங்க."

"ஏர்போர்ட் பூரா இதுதான் இருக்கும். இன்னிக்கே பழகிக்கோ. நான் ஏறுற மாதிரி ஏறு" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் ஏறிப் போய்விட்டார்.

அவள் ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவசரத்தில் கைப்பிடியைப் பிடித்தாள். கை மேலே போயிற்று, கால் கீழேயே நின்றது. முழங்கால் தரையில் மோத விழுந்தாள். வலது கால் செருப்பு மட்டும் கழன்று படியில் ஏறிக்கொண்டது.

"ஏங்க!" என்று அவள் கத்தியது மாடி வரை கேட்டது.

அவர் திரும்பினார். இறங்கி ஓடத்தான் காலை எடுத்தார். அந்த நேரத்தில் எதிர்ப் பக்கக் கடையிலிருந்து முதலாளியின் மனைவி வெளியே வந்தாள். கீழே என்ன சத்தம் என்று கைப்பிடிச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

செருப்பு ஒவ்வொரு படியாகச் சாவகாசமாக மேலே வந்து அவருடைய கால் பக்கத்தில் ஒதுங்கியது. வார் அறுந்து, மனைவியே கறுப்பு நூலால் தைத்துக்கொண்ட செருப்பு. செக்யூரிட்டி அதைக் கையில் எடுத்து, "யாருதுங்க இது?" என்று சுற்றியிருந்தவர்களைக் கேட்டான். அவர் முகத்தையும் பார்த்தான். அவர் பெட்டி விற்கும் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க! ஏங்க!" என்று கீழேயிருந்து இன்னும் இரண்டு தடவை குரல் வந்தது. அவர் கடைக்குள் போய், கைக்கு எட்டிய ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே எத்தனை அறை இருக்கிறது என்று விசாரித்தார். கடைக்காரர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. கண்ணாடிச் சுவர் வழியாக, முதலாளியின் மனைவி கீழே இறங்கிப் போவது தெரிந்தது. அவள்தான் போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். முதலாளியின் மனைவி மாலிலிருந்து வெளியே போகிறவரை அவர் கடையிலேயே இருந்தார். வெறுங்கையோடு போனால் மனைவிக்குச் சந்தேகம் வருமே என்று அந்தப் பெட்டியையே வாங்கி, உருட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கினார்.

மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு காலுக்கு வந்துவிட்டிருந்தது.

"எங்க போயிட்டே நீ? உன்னை எங்கெல்லாம் தேடுறது?" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"இங்கதான் இருந்தேன். பெட்டி நல்லா இருக்கு" என்றாள்.

வீடு வரைக்கும் அவள் பேசவில்லை. முழங்கால் வலிபோல என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தைலம் தேய்த்துவிடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயணத் திட்டத்தைப் பேசி முடிக்க முதலாளி அவர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். மனைவி நல்ல துணி உடுத்தி, சொல்லித்தந்த மாதிரியே மெதுவாக நடந்து, மெதுவாக உட்கார்ந்தாள். முதலாளியின் மனைவி தட்டுகளோடு வந்தவள் நின்றாள்.

"நீங்க... அன்னிக்கு மால்ல விழுந்தவங்கதானே? முட்டி எப்படி இருக்கு?"

ஃபிரேம் சார் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்களா! பரவாயில்லைங்க, இப்ப நல்லா நடக்கிறேன்" என்றாள் மனைவி.

"சார் அன்னிக்கு உங்ககூட வரலையா?"

"அவருக்கு வேற வேலை இருந்துச்சு. நான் என் தங்கச்சியோட வந்திருந்தேன்."

"அப்படியா? நீங்க 'ஏங்க, ஏங்க'ன்னு கூப்பிட்டீங்களே, அதான் கேட்டேன்."

மனைவி ஒரு நொடி தட்டைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், பல் தெரியாமல்.

"விழுந்தா எல்லாரும் அம்மான்னு கத்துவாங்க. எனக்கு வாயில 'ஏங்க'ன்னுதான் வரும். பழக்கதோஷம்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "கொடுத்து வச்ச ஆளுய்யா நீ" என்று ஃபிரேம் சார் முதுகில் தட்டினார். மேஜையில் படகு, கோட்டை என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. மனைவிக்குத் தங்கை கிடையாது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும், இந்த மேஜையில் அவரைக் காப்பாற்றிவிட்டு, உருளைக்கிழங்கைக் கத்தியால் பிசகாமல் வெட்டிக்கொண்டிருந்தாள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டார்.

"நீ பார்த்தியா?"

"செருப்பு எங்க போகுதுன்னு பார்த்தேன். செருப்பும் தெரிஞ்சுது, நீங்களும் தெரிஞ்சீங்க."

"அந்தம்மா அங்க நின்னாங்க. அதான், எனக்கு என்ன பண்றதுன்னே..."

"எனக்குப் புரியாம இல்ல. திரும்பிக்கிட்டீங்க, சரி. ஆனா கீழ வந்து, 'எங்க போயிட்டே'ன்னு என்னையே கேட்டீங்க பாருங்க, அதைத்தான் என்னால முழுங்க முடியல."

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை. அவர் இத்தனை நாள் சொல்லித்தந்த அதே மெதுவான குரலில் பேசினாள்.

"நான் வரலைங்க. அங்க போய் ஒவ்வொரு இடத்துலயும் மலையைப் பார்க்காம உங்க மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன், இப்ப என்ன தப்பு பண்ணிட்டேனோன்னு. நீங்க போயிட்டு வாங்க. சந்தோஷமா அனுப்பி வைக்கிறேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதலாளியின் அறைக்குப் போனார்.

"நாங்க வரலை சார். அவளுக்கு உடம்பு..." என்று ஆரம்பித்தார். இன்னொரு பொய்யையும் அவள் தலையிலேயே கட்டுகிறோமே என்று உறைத்தது. "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். அன்னிக்கு அவ விழுந்தப்ப நான் மேலதான் நின்னேன். உங்க வீட்டம்மா இருக்காங்கன்னு வெக்கப்பட்டுத் தெரியாத மாதிரி திரும்பிக்கிட்டேன். தங்கச்சி யாரும் இல்ல. அவ எனக்காகச் சொன்ன பொய்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"இதையெல்லாம் எதுக்குய்யா என்கிட்ட சொல்றே?" என்றார்.

அவர்களுடைய இடத்துக்கு இன்னொரு கவுண்டர்காரர் மனைவியோடு போய் வந்தார். பனியில் எடுத்த படங்களைக் கடையில் எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். ஃபிரேம் சாரும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். முதலாளியின் மனைவி அதற்குப் பிறகு கண்ணாடியைச் சரிசெய்ய வந்தால் அவருடைய கவுண்டருக்கு வருவதில்லை. அவர் பக்கம் பார்ப்பதும் இல்லை. அதில் அவருக்குக் கோபம் வரவில்லை. நியாயம்தானே என்று குனிந்து லென்ஸைத் துடைத்தார். புத்தம் புதுப் பாஸ்போர்ட்டுகள் இரண்டும் பீரோவுக்குள் போயின. தெருவில் யாராவது, "என்ன, ஃபாரின் போறதா சொன்னீங்களே?" என்று கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டு, "என்னாலதான் கெட்டுப்போச்சு" என்பார். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு வந்தது. மகள் போன் செய்தால் இருவரும் பேசினார்கள். ஒரு நாள் மகள், "அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்காப்பா? குரலே கேக்கல" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மனைவி வேலை செய்யும் இடத்துக்குப் போனதே இல்லை. கடையில் யாராவது கேட்டால் 'ஆஸ்பத்திரியில் வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வார், நர்ஸ் என்று அவர்களாக நினைத்துக்கொள்ளட்டும் என்று. ஒரு சாயங்காலம் கடையிலிருந்து நேராக அங்கே போய், அவளுடைய ஷிப்ட் முடியும்வரை வாசலில் நின்றார். அவள் வெளியே வந்தவள் பதறிப்போனாள்.

"என்னாச்சு? பாப்பாவுக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. சும்மா, கூட நடந்து போலாம்னு."

அவள் முன்னால் நடந்தாள். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். கொஞ்ச நாள் கழித்து அவள் முன்னால் நடப்பதை விட்டாள். ஆனால் பக்கத்தில் வந்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் நின்றவரைக் காவலாளி உள்ளே போய் நிற்கச் சொன்னார். கதவைத் தள்ளியதும் ஆவியும் சோப்பு வாடையும் முகத்தில் அடித்தன. மெஷின்களின் இரைச்சலில் காது அடைத்தது. ஈரம் சொட்டும் விரிப்பு ஒன்றை மனைவியும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். தலைமுடி நெற்றியில் ஒட்டி, கை முழங்கை வரை சிவந்து, அவள் நின்ற கோலத்தை அவர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார். அவர் சட்டையும் தெப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு, யார் இந்த ஆள் என்று பார்த்தார்கள்.

அவள் நிமிர்ந்தாள். யோசிக்கக்கூட இல்லை.

"என் வீட்டுக்காரர்!" என்று அந்த இரைச்சலையும் மீறி எல்லோருக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னாள். "கண்ணாடிக் கடையில இருக்காரு. யாருக்காவது கண்ணு தெரியலைன்னா இவர்கிட்ட போங்க!"

பெண்கள் சிரித்துக்கொண்டே கும்பிட்டார்கள். ஒருத்தி துடைத்துக்கொள்ள வெளுத்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டார். முகத்து ஈரம் போன பிறகும், அந்தத் துண்டை முகத்திலிருந்து எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.