ராங் நம்பர் என்று நான் சொன்ன அழைப்பு

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்த ஒரே தம்பி என்பதால் நினைவு மலருக்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பை என்னை எழுதச் சொன்னார்கள். வெறும் குறிப்பாக எழுதி முடிக்க என் மனம் இடம் தரவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்கா பல்லாவரத்தில் பிறந்தார். அப்பா அங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பிறகு குடும்பம் சேலையூருக்கு வந்தது. நான் பிறந்தது அங்கேதான். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் நெற்றியில் முதலில் படுவது அக்காவின் கைதான். நர்சிங் படித்தார். நான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அப்பாவின் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். சில மாதங்களில் அக்காவுக்கு அயர்லாந்தில், டப்ளின் நகரத்து மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. அப்பாவுக்கு அனுப்ப மனமே இல்லை. ஒரு வருஷம் பார்க்கிறேன் என்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டுத்தான் அக்கா கிளம்பினார்.

போன இடம் பிடிபடவில்லை. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். நோயாளிகள் பேசும் ஆங்கிலம் விளங்காது. ஒரு முதியவர் தண்ணீர் கேட்டது புரியாமல் அக்கா மூன்று முறை திரும்பக் கேட்க, பேசத் தெரிந்த யாரையாவது அனுப்பு என்று அவர் சொல்லிவிட்டாராம். துணி அடுக்கும் அறைக்குள் போய் நின்று அக்கா அழுதிருக்கிறார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குப் போன் வந்தது. அப்பா சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தார். நான் எடுத்தேன்.

"என்னால முடியலடா. நான் வந்துடறேன். அப்பாகிட்ட சொல்லு" என்றார் அக்கா. அழுதுகொண்டிருந்தார்.

அக்கா வந்துவிட்டால் என் படிப்பு நின்றுவிடும். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தோன்றியது அது மட்டும்தான். முதலில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கீழே வந்த அம்மா யார் என்று கேட்டார். ராங் நம்பர் என்றேன்.

அடுத்த வாரமும் நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். "சொன்னியா?" என்று கேட்டார். "சொன்னேன்க்கா. கொஞ்ச நாள் இருந்து பார்க்கச் சொல்றார்" என்றேன். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். திரும்பி வருவதைப் பற்றி அக்கா அதன்பின் பேசியதே இல்லை.

அந்த ஊரில் வாழ அவர் தானாகவே கற்றுக்கொண்டார். விடுமுறை நாட்களில் மாடி பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவாராம். சுற்றி இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்தார். சில ஆண்டுகளில் ஒரு வார்டுக்கே பொறுப்பாளர் ஆனார். நான் படித்து முடித்து வேலைக்குப் போனேன். அப்பா போனை எடுத்தால் மட்டும், "நல்லா இருக்கேன்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு அக்காவின் பேச்சு முடிந்துவிடும். வேலை அதிகம் போலிருக்கிறது, பாவம் என்று சொல்லிவிட்டு அப்பா நகர்ந்துவிடுவார். ஒவ்வொரு முறையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா காலமானபோது அக்கா வந்து முகம் பார்த்தார், அழவில்லை. பெற்ற தகப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று உறவினர்கள் சிலர் பேசினீர்கள். அந்தப் பேச்சு என் மேல் விழுந்திருக்க வேண்டியது.

நோய் முற்றிய பிறகு அக்கா மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒருநாள் காலை கஞ்சி கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"அவர்தான் வர வேணாம்னுட்டார்னு நினைச்சுட்டேன்டா. இத்தனை வருஷமா அவர்கிட்ட ஒழுங்கா பேசவே இல்லையே" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். அப்பாவுக்காக அவர் அழுதது அன்றுதான்.

இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்த பிறகு அப்பா என்ன செய்வார் என்று கேட்டார். அம்மா பேசி முடிக்கும்வரை சுற்றிச் சுற்றி வருவார், என்ன சாப்பிட்டாளாம் என்று கேட்பார் என்றேன். கடைசி வரை தினமும் அப்பாவைப் பற்றித்தான் கேட்டார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அதைக் கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை.

இறுதிச் சடங்குக்குக் குரோம்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். டப்ளினில் அக்காவின் வார்டில் மூன்று மாதம் மட்டுமே வேலை பார்த்தவர். "திரும்பிப் போனா வீட்ல திட்டுவாங்கக்கான்னு அழுதேன். 'இங்க தனியா அழறதுக்கு வீட்ல போய்த் திட்டு வாங்கலாம், கிளம்பு'ன்னு அவங்களே ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்து ஏத்திவிட்டாங்க சார்" என்றார். தன்னைப் போல இன்னும் சிலரையும் அக்கா அப்படி அனுப்பியதாகச் சொன்னார்.

கடைசி மாதங்களில் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், இரண்டு வேளையும் வந்து அக்காவைத் துடைத்து உடை மாற்றிய எதிர்வீட்டு அம்மாளுக்கும், டப்ளினிலிருந்து விடுப்பு எடுத்து வந்து நின்ற தோழியருக்கும், தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்கு அனுப்பும் முன் இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கும் அதுவரை எதுவும் தெரியாது.

"நான் எடுத்திருந்தா அன்னிக்கே கிளம்பி வாடின்னு சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "ஒரு எழுத்தும் மாத்தாத. எம்பொண்ணு அழலன்னு பேசினவங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றார்.

அப்படியே கொடுத்துவிட்டேன்.