பிரேக்கில் இருந்த கால்

என் தாய்மாமாவின் வலது கையைக் கெடுத்தவன் நான். பழியை அவர் மீதே போட்டவனும் நான்தான். இந்த வயதில் இதை மழுப்பி எழுத எனக்கு விருப்பமில்லை.

எண்பதுகளின் தொடக்கம். அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. ஊழியர் குடியிருப்பில் எங்கள் வீடு. அம்மாவின் தம்பி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஃபிட்டர் வேலைக்கான செய்முறைத் தேர்வுக்காக வந்து எங்களோடு தங்கியிருந்தார். அந்த வேலைக்கான வயது வரம்பு அவருக்கு அந்த ஆண்டோடு முடிகிறது. திங்கட்கிழமை தேர்வு.

யாரோ தொல்லை விட்டது என்று விற்ற பழைய கார் ஒன்று அப்பாவிடம் இருந்தது. என்ஜினின் முன்முனையில் விசிறி பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லி என்ற சக்கரம் தேய்ந்து தள்ளாடியது. பெல்ட் போடும் கீச்சுச் சத்தத்தில், நாங்கள் ஆலயத்துக்கு வருவது போதகருக்கு ஜெபத்தின் நடுவிலேயே தெரிந்துவிடும்.

தேர்வுக்கு முந்தின நாள் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் மாமாவே வேறு புல்லி மாட்ட முன்வந்தார். பழையதைப் பிடித்திருந்த போல்ட்டைத் திருகினால் என்ஜினும் சேர்ந்து சுற்றியது. அது சுற்றாமலிருக்க, காரைக் கியரில் போட்டு, என்னை ஓட்டுநர் இருக்கையின் நுனியில் உட்காரவைத்து, பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொன்னார். ஸ்பானரின் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாய் ஒன்றைச் செருகினார்.

“ஏல, நான் சொல்லுத வரைக்கும் காலை எடுத்துராத, என்ன?”

“எடுக்க மாட்டேன் மாமா.”

அப்போது எதிர்வீட்டுப் பையன் ஜன்னலில் தலையை நீட்டினான்.

“இன்னாடா, டிரைவராயிட்டியா? உன் காலு பிரேக்குக்கே எட்டாதே. சும்மா குந்திகினு கீற!”

எனக்குப் பத்து வயது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் கால் எவ்வளவு நீளம் என்று காட்ட, அந்தக் காலையே தூக்கி அவனிடம் நீட்டினேன்.

மாமா தன் முழு பாரத்தையும் குழாயின் மேல் போட்டிருந்தார். கார் குலுங்கிப் பின்னால் நகர்ந்தது. ஸ்பானர் வழுக்கி, குழாயோடு அவர் கை இரும்புச் சட்டத்தில் போய் மோதியது. இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன.

அப்பா ஓடிவந்தார். “பிரேக்கை விட்டியாடா?”

“மாமாதான் எடுக்கச் சொன்னாங்க.”

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். “ஆமா அத்தான். நாந்தான் சொன்னேன்.”

“இழுக்கும்போதேவா? நீயெல்லாம் ஃபிட்டர் வேலைக்கு வந்துட்ட!”

மாமா தேர்வுக்குப் போகவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் அந்த விரல்கள் மடங்கவில்லை. அதற்குள் மெக்கானிக் ஒருவர் வந்து புல்லியை மாற்றிவிட்டுப் போயிருந்தார். சத்தமே போடாத அந்தக் காரில்தான் மாமாவை ரயிலேற்றக் கொண்டுபோனோம். பிறகு உறவினர் ஒருவரின் ஜவுளிக்கடையில் துணி மடித்தே அவர் காலம் தள்ளினார். “கவனமில்லாத பய” என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா போன பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. ஊருக்குப் போய் மாமாவிடம் உண்மையைச் சொல்லி, காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்தினார்.

“எனக்குத் தெரியாதா மக்கா? கார் நகர்ந்ததுமே தெரிஞ்சிட்டு. அத்தான் இருந்த கோவத்துல உன்னை அடிச்சே கொன்னுருப்பாவ. அதான் அப்படிச் சொன்னேன்.”

உறவினர் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்கிறேன் என்றேன்.

“இனி யார்ட்டச் சொல்லி என்ன? கேக்க வேண்டியவரு போயாச்சு” என்று சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான்களை இடது கைதான் போட்டது. “விரல் நசுங்குன மறுநாளே நான் ஊருக்கு வந்திருக்கலாம். சின்னப் பய, பயம் தெளிஞ்சா அப்பாட்டச் சொல்லிருவான்னுதான் அங்கேயே கிடந்தேன்.”

கடைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

கைக்கட்டோடு அவர் எங்கள் வீட்டில் இருந்த அந்த வாரங்களில், அப்பாவும் நானும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மாமா எழுந்து, எங்கள் இருவரையும் தனியே விட்டு வெளியே போய்விடுவார். இடது கையால் சாப்பிட வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் ரசத்தைக் குடித்து முடித்துத் தூங்கப் போவேன்.