தூங்குமூஞ்சிப் பாட்டு

பல்கலைக்கழக நாடகக் குழுவில் அவளைப் பேனா என்றுதான் கூப்பிட்டார்கள். வேதியியல் படிக்க வந்தவள். முதல் வருஷம் குழுவில் கோரஸ் பாடும் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றாள். குரல் சுமார், தாளம் அதைவிடச் சுமார். ஒரு நாள் ஒத்திகை இடைவேளையில், பாடிப் பாடி அலுத்துப்போன ஒரு பாட்டின் வரிகளைக் கிண்டலாக மாற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கேட்டுவிட்டார் மேடம். நாடகத் துறையின் விரிவுரையாளர் அவர், குழுவின் இயக்குநரும் அவர்தான். இந்த வரிகள் இருக்கும்போது எதற்கு அந்தப் பழைய வரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டார். அன்றோடு அவள் பாடுவதை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தாள். பாட்டுக் கூட்டத்தில் எல்லாருக்கும் நிம்மதி.

இசை அமைத்தவன் கட்டை. ஆளும் குள்ளம், யார் பாடினாலும் "சுருதி அரைக் கட்டை இறங்குது" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். இரண்டுக்கும் சேர்த்து அந்தப் பெயர். நடிகர்களில் முக்கியமானவன் நெட்டை. கட்டிடப் பொறியியல் மாணவன், கதவு நிலையில் குனிந்து வருகிறவன். நெட்டையும் கட்டையும் பேனாவும் கேன்டீனில் ஒரே மேஜையில்தான் உட்காருவார்கள். அந்த மேஜையில்தான் அவள் தன் வீட்டைப் பற்றி முதன்முதலாக வெளியே பேசினாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

அவள் அப்பாவும் அம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்த்தாள். அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு. மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். அம்மா சொல்வாள், "கேஸ் தீந்துபோச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு." அப்பா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். பேனா திரும்பி, "கேஸ் தீந்துபோச்சாம்" என்பாள். "நாளைக்கு வருதுன்னு சொல்லு" என்பார் அவர். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. ஒருவரைப் பற்றி மற்றவர் ஒரு குறை சொல்லி அவள் கேட்டதில்லை. எல்லா வீடும் இப்படித்தான் என்று நினைத்திருந்தாள். பள்ளித் தோழி ஒருத்தியின் வீட்டில், அவள் அப்பாவும் அம்மாவும் டிவி ரிமோட்டுக்காக நேருக்கு நேர் வாய்ச்சண்டை போட்டதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அன்று ஏங்கிப்போய் வீடு திரும்பினாள்.

காரணம் அவளுக்குத் தெரியாது. சின்ன வயதில் ஒரே ஒருமுறை, அவள் தூங்கிவிட்டதாக நினைத்து அம்மா பக்கத்து அறையில் அப்பாவிடம் நேராகவே சொன்ன ஒரு வரி மட்டும் காதில் விழுந்திருந்தது. "அன்னிக்கு நீங்க தூங்காம இருந்திருந்தா..." மறுநாள் காலையில் கேட்டபோது, போய்ப் பல் தேய் என்றாள் அம்மா.

இதை அவள் நடித்துக் காட்டியபோது கட்டைக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்ததும், "இது டூயட்டு. இதை யாரும் இன்னும் பாடல" என்றான்.

அந்த வருஷ நாடகம் அதுதான். பேசிக்கொள்ளாத புருஷன், பெண்டாட்டி, நடுவில் தூது போகும் மகள். காரணம் வேண்டுமே? காதில் விழுந்த அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பேனா ஒன்றைக் கட்டினாள். தங்கச்சி கல்யாணத்துக்குப் போக மனைவி மூட்டை முடிச்சோடு தயாராக நிற்கிறாள், புருஷன் தூங்கித் தொலைத்து ரயிலைக் கோட்டைவிடுகிறான். அன்று மூடிய வாய்தான். இரண்டாம் பாதி முழுவதும் அந்தத் தூங்குமூஞ்சிப் பாட்டின் மேல் நின்றது. மனைவி மகளிடம் பாடுவாள்: "அவர்கிட்ட சொல்லு, விடிஞ்சுபோச்சு!" புருஷன் போர்வைக்குள்ளிருந்து பாடுவான்: "அவகிட்ட சொல்லு, அஞ்சு நிமிஷம்!" பின்னால் கோரஸ்: "ரயிலும் போச்சு, ஊதலும் போச்சு, தலகாணி மட்டும் போகலையே!" கட்டை அதற்குக் கொட்டாவியைப் போலவே மேலே ஏறி, மெல்ல இறங்கும் மெட்டுப் போட்டிருந்தான். ஒத்திகையில் லைட்டுக்காரர்கூட வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

நெட்டை தன் வேஷத்தில் கவனமானவன். பேனா வீட்டுக்கு அடிக்கடி சாப்பிட வந்தான். அப்பாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களோடு என்ன பேசுவது என்றெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்ததும் அப்பாவின் தலை இடது தோள் பக்கம் மெல்லச் சாயும், வாய் லேசாகத் திறந்துகொள்ளும். நெட்டை அதைப் பார்த்து வைத்துக்கொண்டான். அடுத்த ஒத்திகையில் செய்து காட்டியபோது பேனா கைதட்டிச் சிரித்தாள்.

அவள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அதைக் கட்டையிடம் மட்டும் சொன்னாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தால், தங்களையே பார்த்துச் சிரித்துவிடுவார்கள். சேர்ந்து சிரித்துவிட்டால் பிறகு ஒரு வார்த்தை வராமலா போகும்? கட்டை கீபோர்டைத் துடைத்துக்கொண்டே, நடந்தால் நல்லதுதான் என்றான்.

முதல் காட்சிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டை. அம்மா பெட்டியில் வைத்திருந்த கம்மலை எடுத்துப் போட்டிருந்தாள். ஒரே பஸ்ஸில் வந்து, அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பேனா பக்கத்திரையின் இடுக்கு வழியாக அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் பாதியில் அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். அம்மாவின் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது. ஆசைப்பட்டது நடக்கப்போகிறது என்றே பேனா நம்பினாள். பிறகு அந்தப் பாட்டு வந்தது. நெட்டை நாற்காலியில் சாய்ந்தான். தலை இடது தோள் பக்கம் சரிந்தது, வாய் திறந்தது. அரங்கமே அதிர்ந்தது. அப்பாவும் சிரித்தார். மனைவி வேஷக்காரி முன்னால் வந்து, விடிஞ்சுபோச்சு என்று பாடினாள். அப்பாவின் தோள் குலுங்குவது நின்றுவிட்டது. அம்மா எழுந்தாள். குனிந்துகொண்டு, ஒவ்வொருவர் முழங்காலையும் தாண்டி, வாசல் பக்கம் போனாள். அப்பா எழுந்திருக்கவில்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டியபோது அவரும் எழுந்து கைதட்டினார்.

வேஷத்தோடு ஓடிவந்த நெட்டை, சரியா வந்துச்சா என்று ஆவலாகக் கேட்டான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா செஞ்சே தம்பி. அச்சு அசல்" என்றார். மகளிடம், அம்மா தனியாகப் போயிருக்கிறாள், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு அம்மா சமையலறையில் நின்றபடியே சொன்னாள்.

"உனக்கு ஒரு அண்ணன் இருந்தான். ரெண்டு வயசு ஆகல. நீ அப்ப வயித்துல."

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"காய்ச்சல். நெருப்பாக் கொதிச்சான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னேன். காய்ச்சல்தானே, விடியட்டும்னார். ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாத்துட்டு வந்த மனுஷன். படுத்ததும் தூங்கிட்டார். எழுப்பிப் பாத்தேன். அஞ்சு நிமிஷம்னு நீ எழுதியிருக்கே. அவர் அதுகூடச் சொல்லல. அவ்வளவு அசதி. விடிஞ்சப்போ பையன் இல்ல."

எனக்குத் தெரியாதும்மா என்று சொல்லப் பேனா வாயெடுத்தாள். உனக்கு எப்படித் தெரியும், நாங்கள் சொன்னால்தானே என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அதற்காக இத்தனை வருஷமா அப்பா மேல் கோபம் என்று பேனா கேட்டாள். அப்போதுதான் அம்மா குழாயை மூடினாள்.

"கோவமா? கொஞ்ச வருஷம் இருந்துச்சு. அதுக்கப்புறம் இல்ல." குரல் இறங்கிவிட்டது. "நானும் தூங்கிட்டேன்டி. அவனை மடியில வெச்சுக்கிட்டே கண்ணசந்துட்டேன். முழிச்சப்போ உடம்பு சில்லுன்னு இருந்துச்சு. நான் ராத்திரி பூரா முழிச்சிருந்தேன்னு அவர் நினைச்சிக்கிட்டார். இல்லன்னு நான் சொல்லல. அன்னிக்குச் சொல்லல, அப்புறம் எப்படிச் சொல்றது? முகத்தைப் பாத்துப் பேசினா வாயில வந்துடும்னு பயம். பேச்சையே விட்டுட்டேன். அவர் அதைத் தண்டனைன்னு எடுத்துக்கிட்டார்."

கையைத் துடைத்துக்கொண்டு, "அவர்கிட்ட சொல்லிடாதே" என்றாள். பேனா தலையாட்டினாள்.

அன்று மதியம் பேனா ஒத்திகைக் கூடத்துக்குப் போய், அந்தப் பாட்டை எடுத்துவிட வேண்டும் என்று மேடத்திடம் கேட்டாள். அண்ணனைப் பற்றி மட்டும் சொன்னாள். மேடம் வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, பாட்டை எடுத்தால் இரண்டாம் பாதி கிடையாது, இரண்டாம் பாதி இல்லாவிட்டால் நாடகமே கிடையாது, இதற்காகப் பரீட்சையை விட்டுவிட்டு வந்த பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வேன் என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. கட்டை, நான் நாளைக்குள் வேறு மெட்டுப் போடுகிறேன் என்றான். அவனால் முடியாது என்று அவனுக்கே தெரியும். நெட்டை ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டான். உன் அப்பா என் கையைப் பிடித்து அச்சு அசல் என்று சொன்னாரே என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

கடைசியில் பாட்டு இருக்கட்டும், நெட்டை தலையைச் சாய்க்காமல், கொட்டாவி விடாமல், சும்மா நின்று பாடட்டும் என்று முடிவானது. அன்று மாலை இரண்டாம் காட்சியில் அவன் அப்படித்தான் பாடினான். கண் கலங்கியே இருந்தது. பேனா பக்கத்திரைக்குப் பின்னால், நாடகச் சாமான்கள் வைத்திருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜனம் சிரித்தது. முதல் நாள் அளவுக்கே சிரித்தது. வரி அப்படி. சிரிப்பு வரவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி அவள் எழுதியது. கட்டை கீபோர்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

அதற்கடுத்த நாள் அப்பா ஒரு பையில் துணிகளை அடுக்கினார். சமையலறை வாசலில் வந்து நின்று, அம்மாவை நேராகப் பார்த்துப் பேசினார்.

"நான் வொர்க்‌ஷாப் ரூம்ல இருந்துக்குறேன். தினமும் என் மூஞ்சில முழிச்சது போதும் உனக்கு."

பேனா அம்மாவைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் உதடு அசைந்தது. "சரி" என்றாள். அவ்வளவுதான். அவர் படியில் இறங்கிப் போனார். அந்தக் கட்டிடத்தின் லிஃப்டைக் கவனித்துக்கொண்டவரே அவர்தான். அன்று ஏனோ அதில் ஏறவில்லை.

பேனா அதற்குப் பிறகு எழுதவில்லை. மேடம் வருஷா வருஷம் நாடகம் எழுதக் கேட்டு ஆள் அனுப்பினார். கட்டை சினிமாவில் சேர்ந்து ஓரளவு பெயர் வாங்கினான். நெட்டை வெளிநாட்டில் பாலம் கட்டுகிறான். அவள் குடிநீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவோடுதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கப் போவாள். ஒற்றை அறை, ஒரு கட்டில், கிரீஸ் வாசனை. அவரே சமைத்துப் போடுவார், உப்பு மட்டும் கைமீறும்.

ஒரு ஞாயிறு, சாப்பிட்டு முடித்த பிறகு, அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நானும் மொதல்ல சிரிச்சேன்மா. எல்லாரும் சிரிச்சாங்கல்ல. நல்ல பாட்டு. நீ ஏன் எழுதுறதில்ல?"

அவர் தட்டை ஓரமாக நகர்த்திவைத்தார்.

"உங்கம்மாதான் பாவம். அவ ராத்திரி பூரா கண்ணே மூடல. ஒத்தையா உக்காந்து புள்ளையப் பாத்துக்கிட்டா. நான் தூங்கிட்டேன். அவளை எப்படி நிமிர்ந்து பாக்கறது?"

அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வரி. அம்மாவும் தூங்கிட்டாப்பா. சொன்னால் இந்த மனிதரின் பாரத்தில் பாதி இறங்கும். ஆனால் அவர் சொன்னபோது அவர் முகத்தில் அம்மாவைப் பற்றி ஒரு மரியாதை இருந்தது. அவருக்கென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதானோ என்று பட்டது. அம்மாவுக்குத் தலையாட்டிய வாக்கும் இருந்தது. அவள் தண்ணீர் குடித்தாள். பிறகு, அண்ணன் எப்படி இருப்பான் என்று கேட்டாள்.

போட்டோ எதுவும் இல்லை, இரண்டாவது பிறந்தநாளுக்கு எடுக்கலாம் என்று இருந்தோம் என்றார் அவர். பிறகு பேச ஆரம்பித்தார். எதைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பானாம். குளிப்பாட்டினால் அழுவான், துண்டால் துடைத்தால் சிரிப்பானாம். சொல்லச் சொல்ல அவர் முகம் வேறு யாரோ ஒருவர் முகம்போல் இளகியது. "காது மட்டும் அப்படியே உன் காது. கொஞ்சம் வெளிய தள்ளிக்கிட்டு" என்றார். பிறகு பேச முடியாமல் எழுந்து தட்டுகளைக் கழுவப் போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்ததால் கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. தலையைத் திருப்பி, முடியை ஒதுக்கி, காதைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி கம்மல் எதுவும் விழுந்துவிட்டதா என்று விசாரித்தாள். இல்லை என்று சொல்லிவிட்டு, இறங்கவேண்டிய நிறுத்தம் வரும்வரை அவள் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.